ஹுவான் பிரிம்: ஸ்பெயினில் தளபதிகள் ஆட்சியை மாற்றிய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்பெயின் வரலாற்றைப் புதிதாகப் படிக்க உட்காருகிறவர்களைத் திணறடிப்பது அதில் வரும் தளபதிகளின் கூட்டம்தான். ரியேகோ, எஸ்பார்தெரோ, நர்வாயெஸ், ஓடொன்னெல், செர்ரானோ, பிரிம், மார்தினெஸ் காம்போஸ் என்று ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருப்பார்கள். இவர்களில் பெரும்பாலானோர் பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். எஸ்பார்தெரோவும் செர்ரானோவும் அரசப் பிரதிநிதியாக நாட்டையே ஆண்டவர்கள். போர்க்களத்தில் இருக்க வேண்டியவர்களுக்கு அமைச்சரவையில் என்ன வேலை? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் அந்த நூற்றாண்டின் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

பதிலைத் தேட, ஒரே ஒருவருடைய வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டு போவது வசதி. நான் எடுத்துக்கொள்வது ஹுவான் பிரிம். மற்றவர்களைவிட உத்தமர் என்பதால் அல்ல. சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து பிரதமரானவர். ஆட்சியை எதிர்த்துக் கலகம் செய்தவர், அதே சூட்டோடு கலகக்காரர்களை அடக்கியவர். தோற்று நாட்டைவிட்டு ஓடியவர், கடைசியில் ஒரு ராணியையே ஓட வைத்தவர். ஸ்பெயின் தளபதி ஒருவருக்கு அந்தக் காலத்தில் என்னவெல்லாம் நடக்கலாமோ, அத்தனையும் இவர் ஒருவருக்கே நடந்தது.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1833 செப்டம்பரில் மன்னர் ஏழாம் பெர்னாந்தோ இறந்தபோது அவருடைய மகள் இசபெலுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. பெண்ணும் அரியணை ஏறலாம் என்று 1830இல் பெர்னாந்தோ சட்டத்தைச் சரிசெய்து வைத்திருந்தார். அவருடைய தம்பி கார்லோஸ் அதை ஏற்கவில்லை. அரியணை தனக்கே என்றார். திருச்சபையில் பெரும்பகுதியினரும், பழைய முறையை விரும்பியவர்களும், தங்கள் பகுதியின் பரம்பரை உரிமைகள் பறிபோகும் என்று பயந்த பாஸ்க், நவார்ரா பகுதி மக்களும் அவர் பக்கம் நின்றார்கள். இவர்களுக்குக் கார்லிஸ்டுகள் என்று பெயர். குழந்தை ராணிக்காக ஆட்சி நடத்திய தாய் மரியா கிறிஸ்தினாவுக்குத் தாராளவாதிகளை விட்டால் வேறு ஆதரவு இல்லை. அரசியல் சட்டம் வேண்டும், நாடாளுமன்றம் வேண்டும் என்றவர்கள் அவர்கள். ஆக, சித்தப்பாவுக்கும் அண்ணன் மகளுக்கும் நடந்த குடும்பச் சண்டை, பழைய ஸ்பெயினுக்கும் புதிய ஸ்பெயினுக்குமான ஏழாண்டு உள்நாட்டுப் போராக மாறியது.

இந்தப் போரில் ராணியின் அரசைக் காப்பாற்றியது ராணுவம். அதனால் போர் முடிந்தபோது நாட்டில் செல்வாக்குள்ள ஆட்கள் யார் என்று பார்த்தால், அரசியல்வாதிகள் இல்லை, தளபதிகள். தாராளவாதிகளும் அதற்குள் இரண்டாகப் பிரிந்திருந்தார்கள். மிதவாதிகள் அரண்மனைக்கும் பெரிய நிலவுடைமையாளர்களுக்கும் நெருக்கம். முற்போக்காளர்களுக்கு நகரங்களில்தான் பலம். வாக்குரிமை விரிய வேண்டும், அரண்மனையின் கை குறைய வேண்டும் என்பது அவர்கள் கட்சி.

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. அந்த ஸ்பெயினில் தேர்தலில் தோற்று ஆட்சி மாறியதே கிடையாது. யார் பிரதமர் என்று ராணி முடிவு செய்வார். அந்தப் பிரதமர் தேர்தல் நடத்துவார், நடத்தியவரே ஜெயிப்பார். 1846ஆம் ஆண்டுச் சட்டப்படி வாக்களிக்க முடிந்தவர்கள் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்பதால் அதிகாரிகளுக்கு இது பெரிய வேலையும் இல்லை. எதிர்க்கட்சிக்கு மிஞ்சியவை இரண்டு வழிகள்: அரண்மனையின் தயவு, இல்லாவிட்டால் ராணுவ முகாம். இசபெலின் தயவு எப்போதும் மிதவாதிகள் பக்கம்தான். எனவே முற்போக்காளர்கள் முகாம்களின் கதவைத் தட்டினார்கள். அவசரம் வந்தபோது மிதவாதிகளும் தட்டியிருக்கிறார்கள்.

முகாமிலிருந்து ஆட்சியை மாற்றும் இந்த முறைக்கு ஸ்பானிய மொழியில் ப்ரொனுன்சியாமியெந்தோ என்று பெயர். தளபதி ஒருவர் ஏதோ ஒரு ஊரில் தன் கீழ் உள்ள படையைத் திரட்டி, அரசு தவறிவிட்டது என்று ஓர் அறிக்கை வாசிப்பார். இதற்கு முன்பே மற்ற ஊர்களில் இருக்கும் அதிகாரிகளுடன் ரகசியமாகப் பேசி வைத்திருப்பார்கள். அறிக்கை வந்ததும் எல்லோரும் காத்திருந்து பார்ப்பார்கள். ஏலத்தில் முதல் குரல் கொடுப்பது போலத்தான் இதுவும்: அடுத்த குரல் வருகிறதா என்பதில் இருக்கிறது எல்லாம். இரண்டு மூன்று நகரங்களின் படைகள் சேர்ந்துகொண்டால் அரசு விழுந்துவிடும். யாரும் சேராவிட்டால் அறிக்கை வாசித்தவர் எல்லையைத் தாண்டி போர்த்துகலுக்கோ பிரான்சுக்கோ ஓட வேண்டியதுதான். பெரிய சண்டை நடப்பது அபூர்வம். தளபதியே நாட்டை ராணுவ ஆட்சியாக வைத்துக்கொள்வதும் வழக்கமில்லை. ஜெயித்தபின் அவருடைய கட்சி அமைச்சரவை அமைக்கும், தேர்தல் நடத்தும், ஜெயிக்கும். பின்னாளில் லத்தீன் அமெரிக்காவில் பார்த்த ராணுவ சர்வாதிகாரங்களோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஸ்பெயினில் இந்த வழி பலிக்கும் என்று முதலில் காட்டியவர் ரியேகோ. அமெரிக்கக் காலனிகளின் விடுதலைப் போரை அடக்க அனுப்புவதற்காக ஆண்டலூசியாவில் திரட்டி வைத்திருந்த படையை 1820 ஜனவரி 1 அன்று அவர் மன்னருக்கு எதிராகத் திருப்பினார்.

சரி, இப்போது பிரிம்.

கத்தலோனியாவில் பார்சிலோனாவுக்குத் தென்மேற்கே ரெயூஸ் என்ற ஊரில் 1814 டிசம்பர் 6 அன்று பிறந்தார். அப்பா நோட்டரி, ராணுவத்திலும் இருந்தவர். பெரிய பிரபு குடும்பம் இல்லை. 1834இல், பத்தொன்பது வயதில், கார்லிஸ்டுகளுக்கு எதிரான தன்னார்வப் படை ஒன்றில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். கத்தலோனியாவின் மலைகளில் நடந்த போர் கெரில்லாப் போர். அதில் துணிச்சல் ஒன்றே பதவி உயர்வு. பலமுறை காயம்பட்டார். 1840இல் போர் முடிந்தபோது கர்னல் ஆகியிருந்தார், வயது இருபத்தைந்து. சமாதான காலத்தில் இந்த உயர்வுக்கு முப்பது வருடம் பிடித்திருக்கும். அந்தத் தலைமுறையின் தளபதிகள் எல்லோருமே இப்படிப் போரில் முளைத்தவர்கள் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால், அவர்களுடைய அவசரமும் தன்னம்பிக்கையும் எங்கிருந்து வந்தன என்று புரியும்.

1841இல் முற்போக்கு உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குப் போனார். அப்போது ஆட்சியில் இருந்தவரும் முற்போக்கு கட்சிக்காரரே: கார்லிஸ்டுப் போரை முடித்துவைத்த எஸ்பார்தெரோ, மரியா கிறிஸ்தினாவை வெளியேற்றிவிட்டு அரசப் பிரதிநிதியாக ஆண்டுகொண்டிருந்தார். ஆனால் இங்கிலாந்தோடு அவர் வணிக ஒப்பந்தம் செய்துகொள்வார், மலிவான ஆங்கிலத் துணி வந்து இறங்கும் என்ற பயம் கத்தலோனியாவின் நெசவாலைகளைப் பிடித்தது. 1842 நவம்பரில் பார்சிலோனாவில் கலகம் வெடித்தது. டிசம்பர் 3 அன்று எஸ்பார்தெரோ மொன்ஜுயிக் குன்றின் கோட்டையிலிருந்து நகரத்தின் மீதே பீரங்கிக் குண்டு போட்டார். கத்தலோனியர்கள் அதை மறக்கவில்லை. 1843 மே மாதக் கடைசியில் பிரிம் தன் சொந்த ஊரான ரெயூஸில் எஸ்பார்தெரோவுக்கு எதிராக முதல் குரல் கொடுத்தார். மற்ற நகரங்களும் மிதவாதிகளின் தளபதி நர்வாயெஸும் சேர்ந்துகொள்ள, எஸ்பார்தெரோ லண்டனுக்குக் கப்பலேறினார். பிரிமுக்கு ரெயூஸ் பிரபு என்ற பட்டம் கிடைத்தது, பிரிகேடியர் பதவியும்.

அடுத்த காட்சி அவருக்குப் பெருமை சேர்க்காதது. எஸ்பார்தெரோவை விரட்ட உதவிய பார்சிலோனா, எங்களுக்குச் சொன்னபடி செய்யவில்லை என்று செப்டம்பரில் மறுபடி எழுந்தது. அதை அடக்க அனுப்பப்பட்டவர் பிரிம். ஒரு வருடத்துக்கு முன் நகரத்தில் குண்டு விழுந்ததற்காகக் கொதித்தவர், இப்போது முற்றுகையிடும் பக்கம் நின்றார். 'சவப்பெட்டி, இல்லாவிட்டால் இடைக்கச்சை' என்று அப்போது அவர் கத்தலான் மொழியில் சொன்னதாக ஒரு பேச்சு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இடைக்கச்சை என்றால் ஜெனரல்கள் கட்டும் பட்டு. அவருக்குக் கிடைத்தது இடைக்கச்சை. வயது முப்பதைத் தொடவில்லை.

பலன் என்னவோ வேறு ஆட்களுக்குப் போனது. நர்வாயெஸ் ஆட்சியைப் பிடித்து மிதவாதிகளின் பத்தாண்டைத் தொடங்கினார். 1844இல் நர்வாயெஸைக் கொல்லச் சதி செய்ததாகப் பிரிம் மீது குற்றச்சாட்டு வந்தது. ஆறு ஆண்டுக் கோட்டைச் சிறை என்று தீர்ப்பு. பிரிமின் தாய் போய்க் கெஞ்ச, நர்வாயெஸே மன்னிப்பு வாங்கிக் கொடுத்தார். இந்தத் தளபதிகள் ஒருவரையொருவர் வீழ்த்துவார்கள், நாடுகடத்துவார்கள், ஆனால் பெரும்பாலும் கொல்ல மாட்டார்கள். நாளைக்கு நமக்கும் இதே நிலைமை வரலாம் என்ற கணக்கு அதில் இருந்தது. சிப்பாய்களுக்கும் சார்ஜென்டுகளுக்கும் மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

1847இல் அவரைப் புவேர்த்தோ ரிக்கோ தீவின் கேப்டன் ஜெனரலாக, அதாவது கவர்னராக அனுப்பினார்கள். இந்தப் பகுதியை அவருடைய அபிமானிகள் சீக்கிரம் கடந்துவிடுவார்கள். எனக்கு அப்படிச் செய்யத் தோன்றவில்லை. 1848 மே மாதம் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான மார்த்தினீக்கில் அடிமைகள் எழுந்து விடுதலை பெற்றார்கள். அந்தத் தீ தன் தீவுக்கும் வந்துவிடும் என்று பயந்த பிரிம் மே 31 அன்று ஓர் ஆணை போட்டார். ஆப்பிரிக்க வம்சாவளியினர் யாராக இருந்தாலும், அடிமையோ சுதந்திர மனிதரோ, குற்றம் செய்தால் ராணுவ நீதிமன்றம் விசாரிக்கும். வெள்ளையர் மீது ஆயுதம் தூக்கினால் அடிமைக்கு மரணம், சுதந்திர மனிதருக்கு வலது கை வெட்டப்படும். அதே ஆண்டு ஜூலையில் டென்மார்க்கின் தீவான சாந்தா குரூஸில் நடந்த அடிமை எழுச்சியை அடக்கவும் படை அனுப்பினார். சில மாதங்களில் அவருக்குப் பதிலாக வந்தவர் அந்த ஆணையை ரத்து செய்துவிட்டார். மத்ரித்தில் வாக்குரிமை பற்றிப் பேசும் தாராளவாதி, கடல் தாண்டினால் தோட்ட முதலாளிகளின் காவல்காரர்: அந்தக் காலத்து ஐரோப்பியத் தாராளவாதம் பல இடங்களில் இப்படித்தான் இருந்தது. பிரிம் அதற்கு விலக்கில்லை, கடுமையில் ஒரு படி மேலேயே போனார்.

அப்புறம் சில ஆண்டுகள் அலைச்சல். 1853இல் ரஷ்யாவோடு போரிட்ட துருக்கியப் படையைப் பார்வையிடப் போனார். 1856இல் பாரிஸில் பிரான்சிஸ்கா அகுவேரோ என்ற மெக்சிகோக் குடும்பத்துப் பணக்காரப் பெண்ணை மணந்தார். இந்தக் கல்யாணம் பின்னால் அரசியலாகப் போகிறது.

அவரை நாடு முழுவதும் தெரிந்த முகமாக்கியது மொராக்கோ போர். மொராக்கோ கரையில் ஸ்பெயினிடம் இருந்த செவுத்தா நகரின் எல்லையில் நடந்த மோதல்களைக் காரணம் காட்டி 1859 அக்டோபரில் பிரதமர் ஓடொன்னெல் போரை அறிவித்தார். உள்நாட்டுச் சண்டையை மறக்க வெளியே ஒரு வெற்றி தேவைப்பட்டது என்பது வெளிப்படை. 1860 ஜனவரி 1 அன்று கஸ்தியெஹோஸ் என்ற இடத்தில் ஸ்பானியப் படை பின்வாங்கத் தொடங்கியது. வீரர்கள் முதுகுப் பைகளைக் கழற்றி வைத்துவிட்டுச் சண்டை போட்டிருந்தார்கள். பைகள் எதிரியிடம் போகும் நிலை. பிரிம் படைக்கொடியைக் கையில் பிடுங்கிக்கொண்டு, பைகள் உங்களுடையவை, வேண்டுமானால் விட்டுவிடலாம், இந்தக் கொடி நாட்டினுடையது, அதை விட முடியாது என்ற பொருளில் கத்திவிட்டுக் குதிரையை எதிரிகளுக்கு நடுவே ஓட்டினார். படை பின்னாலேயே போனது. பிப்ரவரி 4 அன்று தெத்துவான் போரில், முந்தைய நாள்தான் கப்பலிலிருந்து இறங்கிய கத்தலோனியத் தன்னார்வலர்களுக்கு அவர்களுடைய மொழியிலேயே பேசி முன்னணியில் கூட்டிப் போனார். சிவப்புத் தொப்பியோடு போன அந்தப் படையின் கதை கத்தலோனியா முழுக்கப் பாட்டாகவும் படமாகவும் பரவியது. அதே ரெயூஸ் ஊரில் பிறந்த ஓவியர் மரியா போர்த்துனி அந்தப் போரை வரைவதற்காகவே அங்கே அனுப்பப்பட்டார்.

போரில் ஸ்பெயினுக்கு உண்மையில் கிடைத்தது கொஞ்சம்தான். குண்டைவிடக் காலரா அதிகம் பேரைக் கொன்றது. போர் பெரிசு, சமாதானம் சின்னது என்று ஊரே கிண்டல் பண்ணியது. மத்ரித் நாடாளுமன்ற வாசலில் உட்கார்ந்திருக்கும் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் அந்தப் போரில் பிடித்த பீரங்கிகளை உருக்கி வார்த்தவை. பிரிமுக்குக் கஸ்தியெஹோஸ் மார்க்கேஸ் என்ற பெரிய பட்டம் வந்தது.

என்னைக் கேட்டால், பிரிமின் மிகச் சிறந்த செயல் ஒரு பின்வாங்கல். மெக்சிகோவின் அதிபர் பெனித்தோ ஹுவாரெஸ் 1861 ஜூலையில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தினார். பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின் மூன்றும் அக்டோபர் 31 அன்று லண்டனில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு கூட்டாகப் படை அனுப்பின. ஸ்பானியப் படைக்குத் தலைவர் பிரிம். வேராக்ரூஸ் துறைமுகத்தில் இறங்கியதும் அவருக்கு ஒன்று விளங்கியது: பிரெஞ்சுக்காரர்கள் கடனுக்காக வரவில்லை. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியனை மெக்சிகோவுக்குப் பேரரசராக்கத் திட்டம் போட்டிருந்தார். பிரிம் 1862 பிப்ரவரி 19 அன்று லா சொலேதாத் என்ற ஊரில் மெக்சிகோ அமைச்சர் மனுவேல் தொப்லாதோவோடு பேச்சுவார்த்தைக்கு வழி செய்யும் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். மார்ச்சில் நெப்போலியனுக்கே கடிதம் எழுதினார்: மெக்சிகோவில் மன்னராட்சியை விரும்புகிறவர்கள் மிகக் குறைவு, மாக்சிமிலியனுக்கு முடிசூட்டுவது உங்களுக்குச் சுலபம், உங்கள் படை கிளம்பிய பிறகு அவரைத் தாங்க ஆள் இருக்காது என்பது அதன் சாரம். ஏப்ரல் 9 அன்று ஒரிசாபாவில் கூட்டணி முறிந்தது. பிரிம் மத்ரித்தின் அனுமதிக்குக் காத்திராமல் படையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

கியூபாவின் கேப்டன் ஜெனரலாக இருந்த செர்ரானோ கொதித்தார். மனைவியின் உறவினர் ஹுவாரெஸ் அரசில் நிதியமைச்சர், அதனால்தான் விட்டுக்கொடுத்தார் என்றும் பேசினார்கள். ஆனால் ராணி இசபெல் அவர் செய்தது சரி என்றார். ஐந்து ஆண்டு கழித்து, 1867 ஜூன் 19 அன்று, மாக்சிமிலியன் கெரேத்தாரோவில் சுடப்பட்டார். கொடியைப் பிடித்துக்கொண்டு குதிரையில் பாயும் தளபதிகள் அந்த நூற்றாண்டில் நிறைய உண்டு. ஒரு பேரரசரின் திட்டத்தைப் பார்த்து இது ஓடாது என்று கடிதம் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனவர் அபூர்வம். திரும்பும் வழியில் அமெரிக்காவுக்கும் போய், அங்கே நடந்துகொண்டிருந்த உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பின் படை முகாமைப் பார்த்தார்.

1863க்குப் பிறகு முற்போக்காளர்கள், இந்தத் தேர்தல் ஒரு நாடகம், இனி பங்கெடுக்க மாட்டோம் என்று ஒதுங்கினார்கள். ஒதுங்கியவர்களுக்கு மிச்சமிருந்த வழி முகாம் ஒன்றே. கட்சியின் வாளாகப் பிரிம் ஆனார். அவருடைய தோல்விப் பட்டியல் நீளமானது. 1866 ஜனவரி 3 அன்று வில்லாரெஹோ என்ற ஊரில் இரண்டு குதிரைப்படைப் பிரிவுகளோடு எழுந்தார். வேறு யாரும் சேரவில்லை. பல நாள் ஓடி போர்த்துகலுக்குள் புகுந்தார். அதே ஆண்டு ஜூன் 22 அன்று மத்ரித்தின் சான் ஹில் முகாமில் சார்ஜென்டுகள் எழுந்தார்கள். அந்த நாளின் தெருச் சண்டையில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். பிறகு அறுபதுக்கும் மேற்பட்டோரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள், பெரும்பாலோர் சார்ஜென்டுகள். முன்னே சொன்ன சலுகை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆகஸ்டில் பெல்ஜியத்தின் ஓஸ்டெண்ட் ஊரில் முற்போக்காளர்களும் ஜனநாயகவாதிகளும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்: முதலில் இசபெலை வெளியேற்றுவோம், மன்னராட்சியா குடியரசா என்பதை மக்கள் தேர்ந்தெடுக்கும் சபை முடிவு செய்யட்டும். 1867இல் இன்னொரு முயற்சி, இன்னொரு தோல்வி.

இவ்வளவு தோற்றவர் 1868இல் எப்படி ஜெயித்தார்? பிரிமின் திறமை திடீரென்று கூடிவிடவில்லை, சூழ்நிலை மாறியது. 1866இல் ரயில்வே கம்பெனிகளும் வங்கிகளும் சரிந்தன. அடுத்து விளைச்சல் பொய்த்து ரொட்டி விலை ஏறியது. ராணியைத் தாங்கிய இரண்டு தூண்களான ஓடொன்னெல் 1867 நவம்பரிலும், நர்வாயெஸ் 1868 ஏப்ரலிலும் இறந்தார்கள். ஓடொன்னெலின் ஆட்கள் செர்ரானோ தலைமையில் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். அரசு அந்தத் தளபதிகளைக் கானரித் தீவுகளுக்கு நாடுகடத்தி, மிச்சமிருந்த தயக்கத்தையும் போக்கிவிட்டது. ராணியின் தங்கை கணவரான மொன்பென்சியே பிரபு, அரியணை தனக்கு வரும் என்ற ஆசையில் பணம் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, அட்மிரல் தொபேதே மூலம் கடற்படை இம்முறை கூட்டுச் சேர்ந்தது.

பிரிம் லண்டனிலிருந்து வேலைக்காரர் வேடத்தில் கப்பலேறி ஜிப்ரால்டர் வந்து, அங்கிருந்து காடிஸ் துறைமுகத்தில் 'சரகோசா' போர்க்கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தார். செப்டம்பர் 18 அன்று கப்பல்கள் எழுந்தன. மறுநாள் கானரியிலிருந்து செர்ரானோவும் வந்தார். அவர்கள் வெளியிட்ட அறிக்கை 'மானமுள்ள ஸ்பெயின் வாழ்க' என்று முடிந்தது. செர்ரானோ தரைப்படையோடு வடக்கே போய், செப்டம்பர் 28 அன்று கோர்தோபா அருகே அல்கொலேயா பாலத்தில் ராணியின் படையை வென்றார். பிரிம் கப்பலில் மத்தியதரைக் கடற்கரை ஓரமாக ஊர் ஊராகப் போய் நகரங்களைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டே பார்சிலோனா சேர்ந்தார். கோடைக்கு சான் செபாஸ்தியானில் இருந்த இசபெல் 30ஆம் தேதி ரயிலேறி பிரான்சுக்குப் போய்விட்டார். அக்டோபர் 7 அன்று பிரிம் மத்ரித்துக்குள் வந்தபோது கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டது.

செர்ரானோவுக்கு மரியாதைக்குரிய இடம் கிடைத்தது, 1869 ஜூனில் அரசப் பிரதிநிதி ஆனார். அதிகாரம் பிரிமிடம். முதலில் போர் அமைச்சர், 1869 ஜூன் 18 முதல் பிரதமரும் அவரே. இந்த ஆட்சியின் இரண்டு ஆண்டுகளில் நடந்தவை கொஞ்சமல்ல: இருபத்தைந்து வயதான ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை, மத சுதந்திரத்தை ஏற்ற 1869 அரசியல் சட்டம், 2002 வரை புழங்கிய பெசேத்தா நாணயம். 1870 ஜூலையில் வந்த சட்டப்படி, புரட்சிக்குப் பிறகு கியூபாவிலும் புவேர்த்தோ ரிக்கோவிலும் அடிமைகளுக்குப் பிறந்த குழந்தைகள் சுதந்திரம் பெற்றார்கள். கை வெட்டும் ஆணை போட்டவரின் அரசுதான் இதையும் செய்தது. அவருடைய மனம் மாறியதா, கியூபாவில் 1868 அக்டோபரில் வெடித்த விடுதலைப் போரும் அமெரிக்காவின் நெருக்கடியும் மாற்றினவா என்றால், நான் இரண்டாவதற்கே அதிக எடை கொடுப்பேன். கட்டாய ராணுவச் சேர்க்கையை ஒழிப்போம் என்று புரட்சியில் கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றவில்லை. கியூபா போருக்கு ஆள் வேண்டியிருந்தது. ஏழை வீடுகளில் அவர் பெயர் கெட்டதற்கு இதுவே முதல் காரணம். 1870 ஏப்ரலில் பார்சிலோனா பக்கத்து கிராசியாவில் மக்கள் எழுந்தபோது ராணுவம் பீரங்கியால் பதில் சொன்னது.

புதிய அரசியல் சட்டம் மன்னர் வேண்டும் என்றது, மன்னர்தான் இல்லை. இசபெலின் பூர்போன் குடும்பம் திரும்பி வரவே முடியாது என்று பிரிம் நாடாளுமன்றத்தில் 'ஒருபோதும்' என்ற சொல்லை மூன்று முறை அழுத்திச் சொன்னார். போர்த்துகல் மன்னரின் தந்தை பெர்னாந்தோவைக் கேட்டார்கள், மறுத்தார். இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த இத்தாலியின் ஜெனோவா பிரபுவைக் கேட்டார்கள், குடும்பம் ஒப்பவில்லை. வயதான எஸ்பார்தெரோவைக் கூடக் கேட்டுப் பார்த்தார்கள், எந்த எஸ்பார்தெரோவைப் பிரிம் விரட்டினாரோ அவரையே. அவரும் வேண்டாம் என்றார்.

அடுத்து ஜெர்மனியில், பிரஷ்யாவை ஆண்ட ஹோஹன்சொல்லர்ன் குடும்பத்து லியோபோல்டு. பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க்கின் ஊக்கத்தோடு விஷயம் ரகசியமாகப் போய்க்கொண்டிருந்தது. மத்ரித்துக்கு வந்த ரகசியத் தந்தியில் இருந்த தேதியைத் தவறாகப் படித்துவிட்டார்கள். தூதர் வரத் தாமதமாகும் என்று நினைத்து நாடாளுமன்றக் கூட்டத்தை ஒத்திவைத்து உறுப்பினர்களை அனுப்பிவிட, சபை கூடி ஓட்டுப் போடும் முன்பே ரகசியம் கசிந்தது. பிரஷ்ய அரச குடும்பத்து ஆள் தனக்குத் தெற்கே உட்காருவதா என்று பிரான்ஸ் கொந்தளித்தது. லியோபோல்டு விலகிய பிறகும் சச்சரவு ஓயாமல், 1870 ஜூலை 19 அன்று பிரான்ஸ் பிரஷ்யா மீது போர் அறிவித்தது. ஸ்பெயினுக்கு மன்னர் தேடப் போய் மூன்றாம் நெப்போலியனின் பேரரசு கவிழ்ந்தது, ஜெர்மனி ஒன்றானது. பிரிம் இதைத் திட்டமிடவில்லை, ஆனால் கதவைத் திறந்துவிட்டவர் அவர்.

கடைசியில் இத்தாலிய மன்னரின் இரண்டாவது மகன் அமதேயோ சம்மதித்தார். நவம்பர் 16 அன்று நாடாளுமன்றத்தில் 191 வாக்குகள் அவருக்கு விழுந்தன. கூட்டாட்சிக் குடியரசுக்கு 60, மொன்பென்சியேவுக்கு 27. அறுதிப் பெரும்பான்மைதான். ஆனால் அந்த வாக்குகளைக் கட்டி நிறுத்தியிருந்தது பிரிம் என்ற ஒரே ஆள்.

டிசம்பர் 27 மாலை மத்ரித்தில் பனி. நாடாளுமன்றத்திலிருந்து பிரிமின் குதிரை வண்டி போர் அமைச்சகம் நோக்கிக் கிளம்பியது. எச்சரிக்கைகள் வந்திருந்தும் அவர் பெரிய காவலை வைத்துக்கொள்ளவில்லை. துருக்கியர் தெரு என்ற குறுகலான தெருவில் வண்டிகள் குறுக்கே நின்றன. சில ஆட்கள் வண்டிக் கண்ணாடியை உடைத்துத் துப்பாக்கிகளை உள்ளே நீட்டிச் சுட்டார்கள். தோளிலும் கையிலும் காயம். வண்டிக்காரர் எப்படியோ அமைச்சகத்துக்கு ஓட்டிச் சேர்த்துவிட்டார். மூன்று நாள் கழித்து, 30ஆம் தேதி, பிரிம் இறந்தார். அதே நாளில்தான் அமதேயோ கார்த்தகேனா துறைமுகத்தில் வந்து இறங்கினார். ஜனவரி 2 அன்று மத்ரித்துக்குள் வந்த புதிய மன்னர் முதலில் போனது அதோச்சா தேவாலயத்துக்கு, தன்னைக் கூப்பிட்டவரின் உடலைப் பார்க்க.

கொன்றது யார்? குடியரசுவாதிப் பத்திரிகையாளரும் 1868 சதியில் பிரிமோடு இருந்தவருமான பவுல் இ அங்குலோ மீது உடனே சந்தேகம் விழுந்தது. விசாரணை மொன்பென்சியேவின் உதவியாளர் பக்கமும், செர்ரானோவின் மெய்க்காவல் தலைவர் பக்கமும் போனது. வழக்குக் கட்டு சுமார் 18,000 தாள்களுக்கு வளர்ந்தது, யாருக்கும் தண்டனை இல்லாமல் மூடப்பட்டது. பதப்படுத்தப்பட்ட அவருடைய உடல் 1971 முதல் ரெயூஸில் இருக்கிறது. சமீப காலத்தில் அதைத் திறந்து ஆராய்ந்த ஒரு குழு கழுத்தில் நெரித்த தடம் இருக்கிறது, படுக்கையிலேயே முடித்துவிட்டார்கள் என்றது. இன்னொரு பல்கலைக்கழகக் குழு, அது உடை அழுத்திய தடம், இறந்த பிறகு வந்தது என்று மறுத்தது. எனக்கு இரண்டாவது தரப்பே நம்பும்படியாக இருக்கிறது. நெரித்த கதை ஏன் பரவியது என்பதும் புரிகிறது. அவர் சாவதில் லாபம் பார்த்தவர்கள் அவ்வளவு பேர்.

அமதேயோ இரண்டு ஆண்டு தாக்குப்பிடித்துவிட்டு 1873 பிப்ரவரி 11 அன்று முடியைத் துறந்தார். அடுத்து வந்த முதல் குடியரசு ஒரு வருடத்துக்குள் நான்கு அதிபர்களைப் பார்த்தது. 1874 ஜனவரி 3 அன்று நாடாளுமன்றத்துக்குள் படையை அனுப்பி உறுப்பினர்களை வெளியேற்றியவர் தளபதி மனுவேல் பவீயா, 1866இல் பிரிமோடு சேர்ந்து எழுந்தவர். அந்த ஆண்டு டிசம்பர் 29 அன்று சகுந்தோவில் தன் படைக்கு முன் நின்று இசபெலின் மகன் பன்னிரண்டாம் அல்போன்சோவே மன்னர் என்று அறிவித்து, பூர்போன்களைத் திரும்பக் கொண்டுவந்தவர் மார்தினெஸ் காம்போஸ். மெக்சிகோவுக்குப் பிரிமின் கீழ் போய்வந்த அதிகாரி.